தபால் மேஜை: 9,400 ஈமெயிலும் ஒரு மர அலமாரியும்

போன இதழில், "ஆபீஸ் ஈமெயிலில் எங்கே மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள்? எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. எழுதியவர்களில் நிறையப் பேர் நம்ம சேலத்துக்காரர்கள். ஏற்காட்டிலிருந்தும் இரண்டு பேர். இதற்கென்று புதிதாக சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தினமும் திறக்கிற ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் தேவையானது எல்லாமே இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று நமக்கு யாரும் உட்கார வைத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: சேலத்தில் ஒரு அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் முதல் 6 வருடம் தபால் பிரிவு. அங்கே படித்த பாடத்தைத்தான் இன்றைக்கும் ஈமெயிலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் கடையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கடையின் ஜிமெயிலில் படிக்காமல் கிடப்பது மட்டும் 9,400. காலையில் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமே என்கிறார் முதலாளி. அழித்துவிடட்டுமா?
– கடை ஊழியர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அழிக்க வேண்டாம். அந்தக் குவியலுக்குள் உங்கள் கடைக்கு வரவேண்டிய பணமும் கிடக்கிறது.

கடிதத்தைப் படித்ததும் இந்தத் தங்கைக்குப் போன் போட்டேன். "மேலேயிருந்து 50 மெயில் மட்டும், யார் அனுப்பியது என்று வாசி கண்ணு" என்றேன். வாசித்தார். வங்கியின் தினசரி அறிவிப்பு. கூரியர் கிளம்பிவிட்டது, கூரியர் சேர்ந்துவிட்டது. வெள்ளி விலை நிலவரம். துணிக்கடைத் தள்ளுபடி. ஜிஎஸ்டி தளத்திலிருந்து ஒன்று. மறுபடியும் தள்ளுபடி. அந்த 50-ல் ஒரு மனிதர் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்பியது 7 மட்டுமே. அதில் ஒன்று, பெங்களூரு கடைக்காரர் ஒருவர் குழந்தைக் கொலுசு 40 ஜோடி கேட்டு எழுதியது. வந்து 19 நாள் ஆகியிருந்தது. சரசரவென்று வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். "அவருக்கு இப்பவே போன் பண்ணிட்டு வர்றேங்க்கா" என்று வைத்துவிட்டார். அதுதான் சரி.

நான் தபால் பிரிவில் சேர்ந்த அன்று முதலில் கண்ணில் பட்டது ஒரு மர அலமாரி. குறுக்கும் நெடுக்குமாகப் பலகை அடித்து, 24 சின்னச் சின்ன அறை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பசை தடவி ஒட்டிய சீட்டு: கணக்கு, பண்டகம், பணியமைப்பு, பார்வைக்கு. 11 மணி வாக்கில் தபால் பை வரும். உறையைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, அந்தந்த அறையில் செருக வேண்டும். எங்கள் கண்காணிப்பாளர் அம்மா ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார். பிரித்த கடிதம் மறுபடி மேஜைக்கு வரக் கூடாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஜையில் வைத்தால் அதன் மேல் நாளைக்குத் தபால் விழும், அதற்கு மேல் நாளை மறுநாள் தபால் விழும். கடிதம் தொலைவது அப்படித்தான். யாரும் திருடிக்கொண்டு போவதில்லை.

உங்கள் இன்பாக்ஸ் அந்த மேஜை. ஜிமெயிலில், வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கும் ஃபில்டர் அந்த அலமாரி. உங்களிடம் அலமாரி இருந்தும் 9,400 கடிதமும் மேஜையிலேயே கிடக்கின்றன.

கம்ப்யூட்டரில் உட்காருங்கள், போனில் இருக்கிற ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் போட முடியாது. வங்கி மெயில் ஒன்றைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' என்று வரும். அனுப்பியவர் முகவரி தானாகவே நிரம்பியிருக்கும். 'கிரியேட் ஃபில்டர்' கொடுங்கள். வரும் பட்டியலில் மூன்று டிக். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' ஒன்று. 'அப்ளை தி லேபிள்' இரண்டு. லேபிளுக்கு 'வங்கி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். மூன்றாவது, அடியில் 'ஆல்சோ அப்ளை ஃபில்டர்' என்று தொடங்கும் வரி. பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். அதில் டிக் போட்டால் ஏற்கெனவே வந்து கிடக்கிற பழைய வங்கி மெயில்களும் கையோடு அந்த அறைக்குப் போய்விடும். இப்படியே கூரியருக்கு ஒன்று, விலை நிலவரத்துக்கு ஒன்று. வாங்குகிற பார்ட்டிகளுக்கு மட்டும் லேபிள் போதும். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' போடாதீர்கள், அவர்கள் கண் முன்னால் வரட்டும். பெரிய பார்ட்டியில் நாலைந்து பேர் எழுதுவார்கள் என்றால், ஃபில்டரில் ஆள் பெயரை எடுத்துவிட்டு முகவரியில் @ குறியும் அதற்குப் பின்னால் இருப்பதும் மட்டும் கொடுங்கள். அந்தக் கம்பெனியிலிருந்து யார் எழுதினாலும் ஒரே அறைக்கு வரும்.

தள்ளுபடி மெயிலுக்கு ஃபில்டரும் வேண்டாம். திறந்தால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்க்ரைப்' (இனி அனுப்ப வேண்டாம்) இருக்கும். அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அப்புறம் மிச்சக் குவியல். கடைசி ஒரு மாதத்து மெயில்களை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். வேலை பாக்கி இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போடுங்கள். முடிந்ததும், பட்டியலுக்கு மேலே இடது ஓரத்தில் இருக்கும் சதுரத்தில் டிக் போட்டால் அந்தப் பக்கத்தில் தெரிகிற 50 தேர்வாகும். உடனே அதற்கு மேலே இன்பாக்ஸில் இருக்கும் அத்தனையையும் தேர்வு செய்யட்டுமா என்று ஒரு வரி வரும். அதை அழுத்தி, 'ஆர்க்கைவ்' கொடுங்கள். பிரைமரி, புரமோஷன்ஸ் என்று பிரிந்திருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நிறைய மெயில் என்பதால் சில நிமிடம் பிடிக்கும், பயப்பட வேண்டாம். ஆர்க்கைவ் செய்தது எதுவும் அழியாது. 'ஆல் மெயில்' என்ற இடத்தில் அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும், யாராவது பதில் போட்டால் தானே இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும். எங்கள் ஆபீஸில் வேலை முடிந்த கோப்புகளை வைக்கப் பதிவறை என்று ஒன்று இருந்தது, அதே மாதிரி. முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது காலி மேஜைதான். அதற்குக் கடிதங்களைக் கொளுத்த வேண்டியதில்லை.

வங்கி அறையை மட்டும் தினமும் மாலை 4 மணிக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். செக் திரும்பிய தகவலும் அதே முகவரியிலிருந்துதான் வரும்.

கேள்வி: மேடம், நான் வேலைக்குச் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. சிசி, பிசிசி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆபீஸில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: கூச்சமே வேண்டாம் தம்பி. சிசி என்றால் கார்பன் காப்பி. நாங்கள் டைப்ரைட்டரில் இரண்டு தாளுக்கு நடுவில் கருநீலக் கார்பன் வைத்து அடித்தோமே, அந்தக் கார்பன்தான் இன்னும் உங்கள் திரையில் பெயராக இருக்கிறது. அரசுக் கடிதத்தில் மேலே 'பெறுநர்', அடியில் 'நகல்' என்று போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பெறுநர்தான் வேலை செய்ய வேண்டியவர். நகல் பெறுபவருக்கு அது தகவல். பிசிசி-யில் இருப்பவருக்கும் நகல் போகும், ஆனால் மற்றவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. 60 வாடிக்கையாளருக்கு ஒரே விலைப் பட்டியல் அனுப்பும்போது அத்தனை பேரையும் பிசிசி-யில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் முகவரி இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரில் நிறுவிய அவுட்லுக் வைத்திருந்தால், 'என் பெயர் சிசி-யில் மட்டும் இருக்கும் மெயில்' என்று ஒரு ரூல் (அவுட்லுக்கின் ஃபில்டர்) போட்டு அவற்றை 'பார்வைக்கு' என்ற ஃபோல்டருக்கு அனுப்பலாம். எங்கள் மர அலமாரியிலும் பார்வைக்கு ஒரு அறை இருந்தது என்று சொன்னேன் அல்லவா?

கேள்வி: அம்மா, ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம், கூலிக் கணக்கும் லோடு விவரமும் தினம் அனுப்ப வேண்டும். மழை, மூடுபனி என்றால் நெட் போய்விடுகிறது. அரை மணி நேரம் டைப் அடித்த மெயில் அனுப்பும் சமயத்தில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சில நாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு சேலத்துக்கே இறங்கி வந்திருக்கிறேன்.
– எஸ்டேட் கணக்கர், ஏற்காடு

பதில்: ஒரு மெயிலுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவது என்றால், படிக்கிற எனக்கே மனசு கஷ்டப்படுகிறது. இனி இறங்க வேண்டாம். ஜிமெயிலுக்கு நெட் இல்லாத நேரத்திலும் வேலை செய்யத் தெரியும்.

குரோம் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, பல் சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்'. மேலே வரிசையில் 'ஆஃப்லைன்' என்று இருக்கும். 'எனேபிள் ஆஃப்லைன் மெயில்' டிக் போடுங்கள். எத்தனை நாள் மெயிலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும்: 7, 30, 90. பறிப்புக் காலத்தில் போன மாதக் கணக்கையும் புரட்டிப் பார்ப்பீர்கள், அதனால் 90 வையுங்கள். அடியில் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்த மறக்காதீர்கள். இந்த செட்டிங்கை நெட் நன்றாக இருக்கிற ஒரு நாளில் செய்து, ஜிமெயிலைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருங்கள். பழைய மெயில்கள் இறங்க நேரம் வேண்டும்.

அதற்கப்புறம் நெட் போனாலும் ஜிமெயில் திறக்கும், படிக்கலாம், தேடலாம், பதில் எழுதி 'சென்ட்' கொடுக்கலாம். மெயில் 'அவுட்பாக்ஸ்' என்ற இடத்தில் காத்திருந்து, நெட் வந்ததும் தானாகப் போகும். ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கும் முன் அவுட்பாக்ஸ் காலியாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை. பிரவுசரைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது குக்கீஸ் எல்லாவற்றையும் அழித்தால் இறக்கி வைத்த மெயிலும் சேர்ந்து போய்விடும். எஸ்டேட் ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டர் பார்க்கும் பையனிடம் சொல்லி வையுங்கள். பலர் கைபடும் கம்ப்யூட்டர் என்றால் இந்த வசதியைப் போடவே வேண்டாம். மெயில் அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும்.

இன்னொன்று. மூட்டைகளைப் படம் எடுத்து அப்படியே இணைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். அதோடு, எந்த ஃபைலும் மெயிலில் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். அது மெயிலின் அமைப்பு அப்படி. உங்கள் மலையில் வருகிற சிக்னலுக்கு அது பெரிய சுமை. படத்தின் அளவைக் குறைத்து, நாலுக்குப் பதில் ஒன்று அனுப்புங்கள்.

கேள்வி: லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறேன். ஒரு பார்ட்டிக்குப் போட்ட வாடகை கொட்டேஷன், அதே மாதிரிப் பெயருள்ள இன்னொரு பார்ட்டிக்குப் போய்விட்டது. முதலாளி பேசிய பேச்சை எழுத முடியாது. அனுப்பிய மெயிலைத் திரும்ப எடுக்க வழி உண்டா?
– வாசகர், ஐந்து ரோடு

பதில்: போய்ச் சேர்ந்த மெயிலைத் திரும்ப எடுக்க முடியாது தம்பி. அவுட்லுக்கில் 'ரீகால்' என்று ஒன்று இருக்கிறது. அது ஒரே நிறுவனத்துக்குள், ஒரே அமைப்பில் இருக்கிறவர்களுக்கு இடையில் மட்டும்தான் நடக்கும். வெளிப் பார்ட்டிக்குப் போனதை அது தொடாது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், இரண்டு உறைக்குள் இரண்டு கடிதத்தை மாற்றி வைத்து ஒட்டி, ஆபீஸ் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். சீட்டுக்குத் திரும்பி வந்து நகலைப் பார்த்ததும்தான் தெரிந்தது. பெட்டியை எடுக்கிற நேரம் 3 மணி. 2 மணியிலிருந்து அங்கேயே நின்றேன். தபால்காரர் வந்து, பூட்டைத் திறந்து, கடிதங்களைப் பைக்குள் சரித்தார். என் இரண்டு உறையும் மேலேயே கிடந்தன. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அவர் பையை மூடிவிட்டு, "பெட்டிக்குள்ள விழுந்தா அது உங்களோடது இல்லம்மா. தபால் ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுங்க" என்றார். அவர் செய்தது சரி. போய் எழுதிக் கொடுத்து, கெஞ்சி, இருட்டும் நேரத்தில் உறைகளோடு திரும்பினேன். பெட்டிக்குள் விழும் முன் ஒரு நிமிடம் கையில் இருந்திருந்தால் என்ன என்று அன்றைக்கு எத்தனையோ தடவை நினைத்தேன்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் இப்போது மெயிலில் வைத்திருக்கிறார்கள். ஜிமெயிலில் செட்டிங்ஸ் போய் 'ஜெனரல்' பக்கத்தில் 'அண்டூ சென்ட்' பாருங்கள். 5 செகண்டில் இருக்கும். 30 ஆக்குங்கள். இனி 'சென்ட்' அழுத்தியதும் கீழே 'அண்டூ' என்று 30 செகண்ட் நிற்கும். அழுத்தினால் மெயில் திரும்ப உங்கள் கைக்கு வரும். கம்ப்யூட்டரில் நிறுவிய பழைய வகை அவுட்லுக்கில் இன்னும் தாராளம்: ரூல்ஸ் பகுதியில், நாம் அனுப்பும் மெயிலுக்கான ரூல் போட்டு, 'டிஃபர் டெலிவரி' தேர்ந்தெடுத்து 2 நிமிடம் கொடுக்கலாம், 120 நிமிடம் வரை அனுமதிக்கும். எனக்கு 2 போதும். புது அவுட்லுக்கில் 10 செகண்ட் வரை நிறுத்தி வைக்கலாம்.

ஆனால் உங்கள் வழக்கில் தப்பு நடந்த இடம் வேறு. இரண்டு எழுத்து அடித்ததும் முகவரியைத் தானே நிரப்பியதே, அங்கேதான். அவுட்லுக்கில் அப்படி வரும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். இனி எழுத வேண்டியே இல்லாத பழைய பார்ட்டிகளை அதை அழுத்தி நீக்கிவிடுங்கள். ஜிமெயிலில் 'ஜெனரல்' பக்கத்திலேயே, கான்டாக்ட்டை நானே சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் எப்போதோ ஒரு தடவை எழுதியவர்கள் எல்லாம் புதிதாக வந்து சேர மாட்டார்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள பார்ட்டிகளுக்கு கான்டாக்டில் ஊர்ப் பெயரையும் சேர்த்து வையுங்கள்: சங்ககிரி, நாமக்கல் என்று.

கொட்டேஷன் அனுப்பும்போது நான் சொல்லிக் கொடுக்கும் வரிசை இது. முதலில் ஃபைலை இணைக்க வேண்டும். அப்புறம் விஷயத்தை எழுத வேண்டும். முகவரி கடைசியில்தான். முகவரி காலியாக இருக்கிற மெயில் கை தவறி அழுத்தினாலும் எங்கும் போகாது.

கேள்வி: ஜவ்வரிசி ஆலை நடத்துகிறேன். கிழங்கு லோடு இறங்கி எல்லாம் முடிய ராத்திரி 11 ஆகும். அதற்கப்புறம்தான் ஸ்டாஃபுக்கு மெயில் போடுவேன். ஒருவரும் காலை 10 மணிக்கு முன்னால் பதில் போடுவதில்லை. பொறுப்பை எப்படி வரவழைப்பது? இன்னொன்று, ஆபீஸில் 4 பேரும் ஒரே மெயில் ஐடி, ஒரே பாஸ்வேர்டு. யார் எதற்குப் பதில் போட்டார்கள் என்றே தெரியவில்லை.
– ஆலை உரிமையாளர், ஆத்தூர் வழி

பதில்: சார், முதல் கேள்விக்கு மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி 11 மணிக்கு உங்கள் மெயில் வந்து விழும்போது உங்கள் ஸ்டாஃப் ஒருவர் வீட்டில் தன் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார். போனில் வெளிச்சம் வரும். முதலாளி பெயர். திறந்தால் வேலை, திறக்காவிட்டால் பயம். இரண்டில் எதைச் செய்தாலும் அன்றைக்குத் தூக்கம் போச்சு. இதை நான் யூகித்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை என் வீட்டு முன்னறைக்கு மெயில் பழக வருகிறவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னது. பொறுப்பு இல்லாததால் பதில் போடாமல் இருப்பதில்லை, சார். 10 மணிக்கு வந்து உட்கார்ந்து பதில் போடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பு அதுதானே.

நீங்கள் 11 மணிக்கு எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. உங்களுக்கு அப்போதுதான் நேரம். ஜிமெயிலில் 'சென்ட்' பட்டனை ஒட்டி ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. அதில் 'ஷெட்யூல் சென்ட்'. காலை 9.45 என்று வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். உங்கள் போனோ கம்ப்யூட்டரோ அணைந்திருந்தாலும் அந்த நேரத்துக்குப் போய்விடும். நடுவில் மனசு மாறினால் 'ஷெட்யூல்டு' என்ற இடத்தில் திறந்து நிறுத்திக்கொள்ளலாம். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் மெயிலாக உங்களுடையது இருக்கும், பதிலும் சீக்கிரம் வரும். நிஜமாகவே ராத்திரி அவசரம் என்றால் போன் பேசுங்கள். பாய்லர் பழுது என்பதை மெயிலில் சொல்ல மாட்டீர்கள் அல்லவா?

பாஸ்வேர்டு விஷயத்தை இந்த வாரமே மாற்றுங்கள். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' பக்கத்தில் 'கிரான்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுன்ட்' என்று இருக்கிறது. அதில் 4 பேருடைய சொந்த ஜிமெயில் முகவரியையும் சேருங்கள்; சாதாரண ஜிமெயில் கணக்கில் 10 பேர் வரை சேர்க்கலாம். அவர்களுக்கு ஒரு மெயில் போகும், சம்மதம் கொடுத்தால் சரி. அதற்கப்புறம் அவரவர் பாஸ்வேர்டில் நுழைந்து ஆலை மெயிலைப் படிக்கலாம், பதில் போடலாம். ஆலை பாஸ்வேர்டை மாற்ற மட்டும் முடியாது. அனுப்பியது யார் என்ற பெயரும் மெயிலில் தெரிகிற மாதிரி அங்கேயே ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். எல்லாரும் பழகிய அந்தப் பழைய ஆலை பாஸ்வேர்டை நீங்கள் மாற்றிவிடுங்கள். அப்புறம் வேலையை விட்டு ஒருவர் போனால் அவர் பெயரை மட்டும் நீக்கினால் போதும். ஆலை பெயரிலேயே டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் ஆலை பெயர்) வாங்கியிருந்தால் அதை நிர்வகிப்பவர் முதலில் இதற்கு அனுமதி திறந்துவிட வேண்டும்.

கேள்வி: நூல் கடை. "பாக்கித் தொகை அனுப்பவும்" என்று ஒரே மெயிலை மாதம் 40 தடவை டைப் அடிக்கிறேன்.
– வாசகி, பொன்னம்மாப்பேட்டை

பதில்: ஒரு தடவை அடித்தால் போதும். செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதை இயக்கிச் சேமியுங்கள். புது மெயில் திறந்து, வாசகத்தை மரியாதையாக, தெளிவாக எழுதி, தொகைக்கும் பில் எண்ணுக்கும் கோடு விட்டு, கீழே மூன்று புள்ளி வழியாக டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த தடவை அதே மூன்று புள்ளி, டெம்ப்ளேட், கோட்டை நிரப்பு, அனுப்பு. அனுப்பியதும் அந்த மெயிலைத் திறந்து கடிகாரப் படம் போட்ட 'ஸ்னூஸ்' அழுத்தி 7 நாள் கழித்து ஒரு தேதி கொடுங்கள். அந்த நாளில் அது இன்பாக்ஸின் உச்சியில் வந்து நிற்கும். பணம் வந்ததா என்று பார்க்கத் தனி நோட்டு வேண்டாம்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸ். அவுட்லுக். கட்சிக்காரர்கள் (எங்கள் கிளையன்ட்கள்) எல்லாருமே சப்ஜெக்டில் "ஹாய்", "சார்", "பில்" என்றுதான் எழுதுகிறார்கள். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கும்போது எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.
– வாசகர், சூரமங்கலம்

பதில்: ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலின் கடைசி நாள்கள்: ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20. மாதா மாதம் அந்த இரண்டு தேதிக்கு முன்னால் உங்கள் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் சார். கட்சிக்காரர்களைத் திருத்த முயற்சி செய்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அவுட்லுக்கில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது: வந்த மெயிலின் சப்ஜெக்டை நாமே மாற்றி எழுதலாம்! கம்ப்யூட்டரில் நிறுவிய பழைய வகை அவுட்லுக்கில், மெயிலை இரட்டைக் கிளிக் செய்து தனியாகத் திறங்கள். சப்ஜெக்ட் வரியில் கர்சரை வையுங்கள். "ஹாய்" என்பதை அழித்துவிட்டு, கட்சிக்காரர் பெயர், மாதம், என்ன ஆவணம் என்று எழுதிச் சேமியுங்கள். அனுப்பியவருக்கு எதுவும் மாறாது, உங்கள் நகலில் மட்டும் மாறும்.

எங்கள் ஆபீஸில் வந்த கடிதத்துக்கு ந.க. எண் (பதிவேட்டு எண்) போடாமல் எந்தப் பிரிவும் அதைக் கையில் வாங்காது. அந்த எண்ணை வைத்துத்தான் 10 வருடத்துக்கு முந்தைய கோப்பையும் பதிவறையிலிருந்து எடுத்து வருவார்கள். கடிதம் எழுதியவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. எண் போடுவது வாங்குகிறவர் வேலை. உங்கள் ஆபீஸிலும் முதலில் மெயிலைத் திறப்பவர் சப்ஜெக்டைத் திருத்திவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும் என்று வைத்துவிடுங்கள். ஒரு மெயிலுக்கு 10 செகண்ட்.

அப்புறம் 'குவிக் ஸ்டெப்ஸ்'. 'ஹோம்' வரிசையிலேயே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. 'ஜிஎஸ்டி பில்' என்று ஒன்று உருவாக்கி, படித்ததாகக் குறி, அந்த ஃபோல்டருக்கு நகர்த்து என்று இரண்டு வேலையையும் அதில் சேர்த்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் 1 கொடுத்துவிடுங்கள். இதுபோல 9 வரை விசையில் வைக்கலாம். பில் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பாத கட்சிக்காரர் மெயிலை, மவுஸால் இழுத்துக் காலண்டர் படத்தின் மேல் போடுங்கள். மெயிலில் இருந்த வாசகத்தோடு ஒரு நாள் குறிப்பு திறக்கும். 8-ம் தேதி என்று வையுங்கள். 10-ம் தேதி சாயங்காலம் நினைவு வந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

கேள்வி: ஏற்காட்டில் 6 அறை உள்ள சின்ன விடுதி எங்களுடையது. மே மாத சீசனில் அறை கேட்டு வரும் மெயிலுக்கு உடனே பதில் போட ஆளில்லை. பதில் போடும்போது அவர்கள் வேறு இடம் பிடித்துவிடுகிறார்கள்.
– விடுதி நடத்துபவர், ஏற்காடு

பதில்: ஜிமெயிலில் 'வெகேஷன் ரெஸ்பாண்டர்' இருக்கிறதே, லீவில் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் பாருங்கள். மே 1 முதல் 31 வரை தேதி கொடுத்து, வாசகத்தில் அறை வாடகை, எத்தனை பேர் தங்கலாம், சாப்பாடு உண்டா, எந்த நேரத்தில் எந்த எண்ணுக்குப் பேசலாம் என்று நாலு வரி எழுதுங்கள். மெயில் வந்த கையோடு பதில் போகும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினாலும் 4 நாளைக்கு ஒரு தடவைதான் அது போகும், அதனால் யாரையும் தொந்தரவு செய்யாது. கான்டாக்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடாதீர்கள், உங்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் புது ஆட்கள். காலியாக இருக்கும் அறையின் எண்ணிக்கையை அந்த வாசகத்தில் எழுதாதீர்கள். காலையில் எழுதியது மத்தியானம் பொய்யாகிவிடும். அதை நம்பி ஒரு குடும்பம் மலையேறி வந்து வாசலில் நிற்கும்.